சமவெளித் தோட்டத்தில் கிழங்குப் பூச்செடிகள்: நடுவது முதல் உறங்கவைப்பது வரை

அமரில்லிஸ், மழை லில்லி, ஃபுட்பால் லில்லி, செங்காந்தள் ஆகிய செடிகளுக்கு ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுவதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றினால் இலை செழிக்கும், பூ வராது. அடைமழைக் காலத்தில் கிழங்கே அழுகிவிடும். இவை ஆண்டின் ஒரு பகுதியில் இலைவிட்டு வளர்ந்து, உணவைக் கிழங்கில் சேர்த்து, மறு பகுதியில் ஓய்வெடுக்கும் செடிகள். மழைக்காலமும் வறண்ட காலமும் தெளிவாகப் பிரிந்திருக்கும் நிலங்களில் தோன்றியவை. வயலுக்குச் சொல்லும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ இங்கேயும் பொருந்தும். எப்போது பாய்ச்சுவது என்பதைவிட எப்போது காயவிடுவது என்பதே இந்தச் செடிகளில் பெரிய வேலை.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுச் சமவெளியில், தரையிலோ மாடித்தோட்டத்திலோ வளர்ப்பவர்களுக்கானது. ‘கிழங்கு’ என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே வகை அல்ல. அமரில்லிஸும் மழை லில்லியும் வெங்காயம் போல அடுக்கடுக்கான குமிழ்கள். கிளாடியோலஸ் அடுக்கில்லாத திரண்ட தண்டு. செங்காந்தள் நீளமான உண்மைக் கிழங்கு. நடும் ஆழமும் வெட்டிப் பெருக்கும் முறையும் இந்த வேறுபாட்டால்தான் மாறுகின்றன.

எதை வாங்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

முதலில் வேண்டாதவை. டூலிப், டாஃபோடில், ஹயசிந்த் கிழங்குகள் இணையக் கடைகளில் அழகான படங்களோடு விற்பனைக்கு வருகின்றன. டூலிப் கிழங்குக்குள் பூந்தண்டு நீள வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ அந்தக் குளிருக்கு வழியே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து நடலாம், அப்போதும் நம் வெயிலில் தண்டு குட்டையாகி மொட்டு கருகும். தப்பித்தவறிப் பூத்தாலும் கிழங்கு அடுத்த ஆண்டுக்குத் தேறாது. அந்தப் பணத்துக்கு நான்கு நல்ல அமரில்லிஸ் கிழங்கு வாங்கினால் பல ஆண்டுகள் பூக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு ஆசியாடிக் லில்லி, அகபாந்தஸ், கிளாடியோலஸ் எல்லாம் எளிது. சமவெளியில் கிளாடியோலஸ் முயல்பவர்கள் ஐப்பசிக் கடைசியில் 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நட்டு, தை மாதத்துக்குள் பூவை எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் இலைப்பேன் அதைத் தேறவிடாது.

சமவெளிக்கு உறுதியாகச் சொல்லக்கூடியவை: அமரில்லிஸ், மழை லில்லி, நிலசம்பங்கி, செங்காந்தள், ஃபுட்பால் லில்லி, ஸ்பைடர் லில்லி, விஷமூங்கில் (கிரைனம் லில்லி). முதன்முறையாக வளர்ப்பவர் மழை லில்லியில் தொடங்குவது நல்லது. சில வாரங்களிலேயே காய்ச்சல்-பாய்ச்சலின் பலனை அது கண்ணுக்குக் காட்டிவிடும்.

கிழங்கைப் பார்த்து வாங்குவது

கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவும் அளவுக்கேற்ற கனத்தோடும் இருக்க வேண்டும். கனமில்லாமல் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காய்ந்தோ அழுகியோ இருக்கிறது. குமிழின் அடியில் வேர் புறப்படும் தட்டையான பகுதிதான் அதன் உயிர். அதை அடித்தட்டு என்று வைத்துக்கொள்வோம். மேலடுக்கு கொஞ்சம் காய்ந்து உரிந்திருந்தால் பாதகமில்லை. அடித்தட்டு குழைந்திருந்தாலோ, பூஞ்சை படிந்திருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ வாங்காதீர்கள். காய்ந்த தோலை விலக்கிப் பார்த்து, இடுக்கில் வெள்ளை மாவுப்பூச்சி இல்லையென்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பூக்குமா பூக்காதா என்பதைக் கிழங்கின் அளவே முடிவுசெய்கிறது. அமரில்லிஸ் கிழங்கின் சுற்றளவு 20 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் முதல் பருவத்திலேயே பூவை எதிர்பார்க்கலாம். எலுமிச்சை அளவுள்ளது பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். நிலசம்பங்கிக்கு 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்கு. செங்காந்தளுக்கு 50 கிராமுக்கு மேல். விலை மலிவாக இருக்கிறதென்று பொடிக் கிழங்குகளை அள்ளிவந்துவிட்டு ‘ஏன் பூக்கவில்லை’ என்று உரத்தை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

மண்ணும் தொட்டியும்

மாடித்தோட்டத்துக்கென்று பலரும் பயன்படுத்தும் கலவையில் பாதிக்கு மேல் தென்னைநார்க் கழிவு இருக்கும். கீரைக்கும் தக்காளிக்கும் அது சரி. கிழங்குகளுக்கு அது ஆபத்து. மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரியும், கிழங்கிருக்கும் ஆழத்திலோ ஈரம் பல நாள் நிற்கும். தொட்டியில் கிழங்கு அழுகுவதற்கு மழையைவிட இந்தக் கலவைதான் பெரும்பாலும் காரணம்.

கிழங்குகளுக்கு ஏற்ற கலவை: செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு. எடை குறைய வேண்டுமென்றால் தென்னைநார்க் கழிவைச் சேர்க்கலாம், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல். ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் போதும். ஆனால் பூச்சு வேலைக்கான நைஸ் ரகம் வேண்டாம், கான்கிரீட்டுக்கான பருமனான ரகத்தை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அலசாவிட்டால் அதிலுள்ள கல்தூள் இறுகி வடிகாலை அடைத்துவிடும். 10 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கும் 25 கிராம் எலும்புத்தூளும் கலந்து, லேசாக நனைத்து, பத்து நாள் நிழலில் வைத்தபின் நடுங்கள். புண்ணாக்கு மக்கும்போது வரும் சூடு அதற்குள் அடங்கிவிடும். மக்காத சாணம் கிழங்கின் பக்கத்திலேயே வரக்கூடாது.

தொட்டியின் அடியில் குறைந்தது நான்கு துளைகள் வேண்டும். அடியில் தட்டு வைப்பதைத் தவிர்த்து, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். துளை அடைபடாது, சித்திரை வெயிலில் மாடித் தளத்தின் சூடும் நேராக ஏறாது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கச்சுவர் மதிய வெயிலில் கிழங்கை வேகவைத்துவிடும். வெளிர் நிறத் தொட்டியோ மண்தொட்டியோ நல்லது.

தரையில் நடுபவர்கள், குறிப்பாகக் கரிசல் மண்ணில், 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்தே ஆக வேண்டும். இடம் சரியா என்று தெரிந்துகொள்ள ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒருமுறை வடிந்தபின் மறுபடி நிரப்பியது நான்கு மணி நேரத்துக்குள் வடியவில்லையென்றால் அங்கே மேட்டுப்பாத்தி இல்லாமல் கிழங்கு நடக்கூடாது. ஸ்பைடர் லில்லியும் விஷமூங்கிலும் மட்டும் விதிவிலக்கு.

நடும் முன்

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மைசெய்யும் பாக்டீரியா) அல்லது ட்ரைக்கோடெர்மா விரிடி (நன்மைசெய்யும் பூஞ்சை) தூளைக் கரைத்து, கிழங்கை அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் வற்ற உலர்த்தி நடுங்கள். அழுகல் தொடங்கிய கிழங்காக இருந்தால், கெட்ட பகுதியை வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை கத்தியால் செதுக்கி, லிட்டருக்கு 2 கிராம் கார்பண்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் 20 நிமிடம் வைத்து, இரண்டு மூன்று நாள் காற்றில் உலர்த்துங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம். பூஞ்சைக்கொல்லி ட்ரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் இடையில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும்.

அமரில்லிஸ்

நம் கடைகளில் அமரில்லிஸ் என்று விற்பது தாவரவியலில் ஹிப்பியாஸ்ட்ரம், தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. பங்குனி, சித்திரையில் ஓர் அடி முதல் இரண்டடி உயரத் தண்டில் கைப்பிடி அகலத்துக்கு விரியும் பூ. பூக்காத கிழங்கைப் பற்றிய புகார்கள் இதற்குத்தான் அதிகம். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கிழங்குக்கு 8 அங்குலத் தொட்டி போதும். கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தால் நிறைவு. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கிழங்கின் கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்கும் மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட வேண்டும். முழுக்கப் புதைத்தால் கழுத்துக்குள் தண்ணீர் தேங்கி அழுகும். நட்ட அன்று தொட்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். பிறகு முளை தலைகாட்டும்வரை வாரம் ஒருமுறை ஒரு கோப்பை போதும், ஏனென்றால் வேரில்லாத கிழங்கால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. உறங்கி எழுந்த நல்ல கிழங்கு நட்டதிலிருந்து 6 முதல் 10 வாரத்தில் பூக்கும்.

காலை வெயில் நான்கு ஐந்து மணி நேரம் வேண்டும். கோடையில் மதியத்துக்குமேல் 35 முதல் 50 சதவீத நிழல்வலை இருந்தால் பூ இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்கும்.

பூ வாடியதும் பூவை மட்டும் கிள்ளுங்கள். விதை வேண்டாதவர்கள் அடியிலுள்ள பச்சைக் காயையும் சேர்த்து. தண்டு தானாகப் பழுக்கும்வரை விட்டுவையுங்கள், அதுவும் பச்சையாக இருக்கும்வரை உணவு தயாரிக்கும். அழகாக இல்லையென்று இலைகளை வெட்டுவதும், முடிச்சுப் போட்டுக் கட்டுவதும் அடுத்த ஆண்டுப் பூவை வெட்டுவதற்குச் சமம். கிழங்குக்குள் ஏறத்தாழ நான்கு இலைகளுக்கு ஒரு பூங்கொத்து என்ற கணக்கில் மொட்டு உருவாகிறது. இன்று நீங்கள் பார்க்கும் பூவின் மொட்டு ஓராண்டுக்கு முன்பே உள்ளே அமைந்துவிட்டது. வைகாசி முதல் ஐப்பசிவரை ஒரு கிழங்கு எட்டு இலை விட்டால் இரண்டு தண்டுக்கு வாய்ப்பு உண்டு. மூன்றே இலை விட்டு நின்றால் எந்த உரம் போட்டாலும் அடுத்த கோடை வெறுமைதான்.

எனவே உரம் கொடுக்க வேண்டிய காலம் பூத்தபின் வரும் ஐந்தாறு மாதங்கள். முதல் இரண்டு மாதம் 15 நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யா, அல்லது 2 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்). ஆவணியிலிருந்து சாம்பல்சத்து கூடிய உரத்துக்கு மாறுங்கள்: லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் சல்பேட், மாதம் இருமுறை. யூரியாவும் அதிகச் சாணக் கரைசலும் இலையைக் கொழுக்கவைத்துக் கிழங்கை மெலியவிடும், நோயையும் அழைக்கும்.

அடுத்தது உறக்கம். கார்த்திகை பிறந்ததும் உரத்தை நிறுத்துங்கள். கார்த்திகைக் கடைசியில் தண்ணீரையும் நிறுத்தி, தொட்டியை மழை படாத சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். மார்கழி, தை முழுக்க ஒரு சொட்டும் வேண்டாம். இலைகள் மஞ்சளாகிச் சாயும். சில சாயாமல் பச்சையாகவே நிற்கும், அவற்றைப் பிடுங்க வேண்டியதில்லை. எட்டு முதல் பத்து வாரக் காய்ச்சலுக்குப் பின், மாசி பிறந்ததும் மேல்மண்ணில் இரண்டு விரற்கடை அளவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது உரக்கலவை நிரப்பி, தொட்டி வழிய ஒருமுறை நீர் விடுங்கள். பெரும்பாலும் இலைக்கு முன்னால் மொட்டின் கூரிய நுனி வெளிவரும்.

தரையில் இருக்கும் கிழங்குகளைத் தோண்டத் தேவையில்லை. தை, மாசியில் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் அந்தக் கிளையைத் தனியாக அடைக்க ஒரு சிறு வால்வு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை லில்லி

கிராமங்களில் முதல் கோடைமழை முடிந்த நான்கைந்தாம் நாள், நேற்றுவரை புல்போல் கிடந்த பாத்தி முழுவதும் ஒரே காலையில் இளஞ்சிவப்பாக விரிந்து நிற்கும். வறட்சிக்குப்பின் வரும் ஈரம் இந்தச் செடிக்கு அடையாளக்குறி. நாமே அதைக் கொடுக்கலாம். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் விட்டு, பிறகு ஒரே நாளில் தொட்டி வழிய நனையுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் மொட்டு வரும். சித்திரையிலிருந்து புரட்டாசிவரை இதை நான்கைந்து முறை செய்யலாம். ஒவ்வொரு பூவும் ஓரிரு நாள்தான் நிற்கும். அதனால் எண்ணிக்கையில்தான் அழகு. 10 அங்குலத் தொட்டியில் 12 முதல் 15 கிழங்குகள், 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில், நெருக்கமாகவே நடுங்கள். தொட்டிகளை மூன்று அணியாகப் பிரித்து வாரம் மாற்றிக் காயவிட்டால் எப்போதும் ஏதோ ஒன்று பூத்திருக்கும்.

தடித்த புல்போன்ற குழல் இலையுள்ள வெள்ளை வகை கொஞ்சம் மாறுபட்டது. அது ஈரத்தை விரும்பும், ஆவணிக்குப் பின்னரே அதிகம் பூக்கும். இளஞ்சிவப்பு, மஞ்சள் வகைகளோடு அதை ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மற்றொன்றுக்குத் தண்டனையாகும்.

ஐந்து மணி நேர வெயிலாவது இல்லாவிட்டால் இலை மட்டுமே நீளும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, தொட்டி பிதுங்கும்போது, கொத்தைப் பிரித்து நடுங்கள். சில வகைகளில் முக்கோணக் காய்க்குள் கறுப்புத் தாள்போல் விதைகள் இருக்கும். காய் வெடித்தவுடன் எடுத்து அன்றே விதைத்தால் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும், வைத்திருந்து விதைத்தால் முளைப்பு குறையும்.

நிலசம்பங்கி

மெக்சிகோவிலிருந்து வந்து நம் மாலைகளில் இடம்பிடித்த பூ. நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் வயல் வயலாக விளைகிறது. மாலைக்குப் பூ வேண்டுமென்பவர்கள் ஒற்றை அடுக்கு ரகம் வையுங்கள், மணம் அதில்தான் அதிகம். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல், ஷ்ருங்கார் இரண்டும் ஒற்றை அடுக்கு. பிரஜ்வலின் மொட்டில் மெல்லிய சிவப்பு ஓடும். ஜாடிக்கு வெட்டிவைக்க சுவாசினி, வைபவ் போன்ற இரட்டை அடுக்கு ரகங்கள். இரட்டை அடுக்கில் உச்சியிலுள்ள மொட்டுகள் கடும் வெயிலில் விரியாமலே காய்வதுண்டு. அதற்கு மண்ணில் ஈரக் குறைவும் இலைப்பேனுமே பொதுவான காரணங்கள்.

ஆனி, ஆடியில் நடுவது சிறப்பு. தோண்டியெடுத்த கிழங்கை உடனே நடாமல் ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டு நட்டால் முளைப்பு சீராக இருக்கும். முளைப்பகுதி மேலே இருக்கும்படி, அதன்மேல் 2.5 முதல் 4 செ.மீ. மண் மூடும் ஆழத்தில் வையுங்கள். தரையில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ.; 12 அங்குலப் பையில் மூன்று கிழங்கு. நாள் முழுக்க வெயில் கட்டாயம். வளரும் காலத்தில் இது தாகமுள்ள செடி. மேல்மண் காய்ந்ததும் நீர் கொடுக்க வேண்டும், தேங்கவிடக் கூடாது. மூன்று மூன்றரை மாதத்தில் முதல் பூந்தண்டு வரும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்வது அவசியம்: ஒருமுறை பூத்த சம்பங்கிக் கிழங்கு மறுபடி பூக்காது. அதைச் சுற்றிவரும் பக்கக் கிழங்குகளே அடுத்தடுத்துப் பூக்கின்றன. மூன்றாம் ஆண்டில் அவை நெருங்கி, சிறுத்து, தண்டு குட்டையாகிவிடும். அப்போது தோண்டிப் பிரித்து, 25 கிராமுக்கு மேலானவற்றைப் பூவுக்கும் சின்னவற்றை ஓர் ஓரத்தில் வளரவிடவும் ஒதுக்குங்கள்.

சம்பங்கியின் பெரிய எதிரி மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழு. செடி காரணமில்லாமல் மஞ்சளாகிக் குன்றினால் வேரைத் தோண்டிப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருக்கும். வந்தபின் தொட்டி மண்ணைத் தூக்கி எறிவதே வழி. வராமல் காக்க சதுர மீட்டருக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு இட்டு, வரிசைகளுக்கு இடையே துலுக்கச் சாமந்தி நடுங்கள். அதன் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். சம்பங்கி இருந்த மண்ணில் மீண்டும் சம்பங்கியோ கத்தரி, தக்காளியோ வேண்டாம்.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர். சங்கப் பாடல்கள் மகளிர் விரலுக்கு உவமையாகச் சொன்ன பூ. கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்றெல்லாம் பெயருண்டு. விதைக்காக மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் தோட்டம் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள். கிழங்கு, இலை, விதை எல்லாவற்றிலும் கோல்சிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு. உண்டால் உயிர் போகும், கைவைத்தியமாகக்கூடத் தொடக்கூடாது. சிறு குழந்தைகளோ மண்ணைக் கிளறும் நாயோ இருக்கும் வீட்டில் இதை வைக்காமலிருப்பதே சரி. மிச்சக் கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். பெயரெழுதித் தனியாகப் பூட்டி வையுங்கள்.

கிழங்கு கலப்பைபோல் வளைந்திருக்கும். கவையின் நுனியில் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. பெட்டியில் கொண்டுவரும்போதும் தோண்டும்போதும் இந்த நுனியைக் காப்பதுதான் பாதி வேலை. ஆனி, ஆடியில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்தில் கிடைமட்டமாக, முளைக்கண் மேல்நோக்க வையுங்கள். புதிய கிழங்குகள் கீழ்நோக்கி வளர்வதால் குறைந்தது 14 அங்குல ஆழமுள்ள பை தேவை.

இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அதனால் தடித்த மூங்கிலைப் பற்ற முடியாது. விளாரோ நைலான் வலையோ ஐந்தடி உயரத்துக்குக் கட்டிக்கொடுங்கள். முளை வருமுன்னரே கட்டிவிட வேண்டும். பிறகு குத்தினால் கிழங்கில் படும். இளந்தண்டு தொட்டாலே முறியும்.

பூ பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி, நாளாக ஆக ஆரஞ்சு, கடைசியில் இரத்தச் சிவப்பு. கார்த்திகையோடு ஓயும். தண்டு காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பையை அப்படியே மழை படாத இடத்தில் வைக்கலாம். தோண்டியெடுப்பவர்கள் மாசியில் கையுறை போட்டு எடுத்து, உலர்ந்த மணலுக்குள் புதைத்து வைக்க வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

ஃபுட்பால் லில்லி ஆண்டுக்கு ஒரே ஒரு பூப்பந்து, சித்திரை, வைகாசியில். கிழங்கின் நுனி மண்மட்டத்தில் இருக்க, பாதி நிழலில் நடுங்கள். வேரைக் கலைத்தால் அந்த ஆண்டு முறைத்துக்கொண்டு பூக்காது. நான்கைந்து ஆண்டுக்குத் தொட்டியை மாற்றாதீர்கள். இலை உதிர்ந்த கார்த்திகை முதல் பங்குனிவரை காய்ச்சல்.

ஸ்பைடர் லில்லிக்கும் விஷமூங்கிலுக்கும் மேலே சொன்ன உறக்கம் எதுவும் தேவையில்லை. ஆண்டு முழுக்கப் பசுமையாக நிற்கும். தொட்டி கழுவும் தண்ணீர் போகும் ஓரம், குளக்கரை, கடற்கரையின் உப்புக்காற்று என்று மற்றவை தவிக்கும் இடங்களில் இவற்றை வையுங்கள். விஷமூங்கிலுக்குக் குறைந்தது ஒரு மீட்டர் இடம் விட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்

புரட்டாசிக்குள் முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. எல்லாத் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். பாத்தியின் ஓரத்தில் ஒரு சாண் ஆழ வடிகால் வெட்டுங்கள். பழுத்த இலைகளை அகற்றுங்கள். அமரில்லிஸ் கழுத்தைச் சுற்றி மண் ஏறியிருந்தால் விலக்குங்கள். இரண்டு நாளுக்குமேல் விடாத மழையென்றால் தொட்டிகளைச் சாய்த்துப் படுக்கவைத்துவிடலாம். செடிக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் மட்டும் உள்ளே இறங்காது. மழை விட்டதும் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைசலை வேரில் ஊற்றுங்கள்.

என்ன கெடும், ஏன்

கறுப்பு உடலில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளியிட்ட புழுக்கள் அமரில்லிஸ், விஷமூங்கில், மழை லில்லி, செங்காந்தள் எல்லாவற்றையும் கூட்டமாகத் தின்னும். ஓரிரவில் இலையை நரம்பாக்கிவிட்டுத் தண்டுக்குள்ளும் துளைக்கும். மழைக்காலத்தில் இலையின் அடிப்புறத்தைத் தினமும் பாருங்கள். முதல் கூட்டத்தைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் மருந்தே தேவைப்படாது. பெருகிவிட்டால் மாலையில் லிட்டருக்கு 2 கிராம் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியத் தூள், அல்லது 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு அடித்துக் கலக்கித் தெளியுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் என்பதால் மேல்மண்ணையும் கிளறிவிட வேண்டும்.

அமரில்லிஸ் இலையிலும் தண்டிலும் குங்குமச் சிவப்பில் நீளமான தழும்புகள் வந்து, தண்டு அந்த இடத்தில் வளைந்தால் அது பூஞ்சை நோய். ஈரம் நிற்கும் இலையில் பரவும். அந்த இலையை வெட்டி எரித்து, தண்ணீரை மண்ணில் மட்டும் ஊற்றி, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளியுங்கள். இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக வரிக்கோடிட்டு, ஆண்டுக்காண்டு செடி குன்றினால் அது வைரஸ். மருந்து கிடையாது. மனமில்லாவிட்டாலும் அந்தக் கிழங்கைத் தூக்கியெறியுங்கள், அசுவினியும் கத்தியும் அதை மற்றவற்றுக்குக் கொண்டுபோய்விடும்.

இலைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் கிழங்கு அழுகுகிறது. காத்திருக்காமல் அன்றே தோண்டி, முன்சொன்னபடி செதுக்கி உலர்த்தினால் பாதிக் கிழங்கையாவது காப்பாற்றலாம். அடித்தட்டில் ஒரு துண்டு நலமாக இருந்தால் புது வேர் வரும். எறும்பு வரிசை கிழங்கின் கழுத்துக்குப் போனால் உள்ளே மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இடுக்குகளைத் துடைத்து, எறும்பையும் தடுங்கள்.

ஒரு கிழங்கைப் பலவாக்குவது

பக்கக் கிழங்குகளைப் பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. தாய்க்கிழங்கின் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்து, தனி வேர் விட்டபின் கையால் திருகி எடுங்கள். அமரில்லிஸின் சில உயர்ந்த ரகங்கள் பக்கக் கிழங்கு விடவே விடாது. அவற்றை வெட்டித்தான் பெருக்க வேண்டும். உறக்கக் காலத்தில் நல்ல கிழங்கு ஒன்றை எடுத்து, மேல் மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிட்டு, ஆரஞ்சுச் சுளைகள்போல் எட்டாக நெடுக்கில் பிளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அடித்தட்டின் ஒரு பகுதி இருந்தே ஆக வேண்டும், இல்லாத துண்டு வெறும் சதை. லிட்டருக்கு 2 கிராம் கார்பண்டசிமில் 20 நிமிடம் ஊறவைத்து, ஒருநாள் உலர்த்தி, லேசான ஈரமுள்ள கழுவிய மணலில் அடித்தட்டு கீழே இருக்கும்படி பாதியளவு புதைத்து நிழலில் வையுங்கள். மணலைக் கையில் பிடித்தால் ஒட்ட வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் அடுக்குகளுக்கு இடையே பட்டாணி அளவில் குட்டிக் கிழங்குகள் திரளும். முதல் இலை விட்டபின் தனித்தனிச் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். இந்தக் குட்டிகளுக்கு முதல் இரண்டு ஆண்டும் மார்கழிக் காய்ச்சல் வேண்டாம், மிதமான ஈரத்தில் தொடர்ந்து வளரவிடுங்கள். சுற்றளவு 20 செ.மீ.யைத் தொட்ட ஆண்டிலிருந்து பெரிய கிழங்குகளோடு சேர்த்து உறங்கவைக்கலாம்.